மாட்டுக்கு எமன், அதிபருக்கு மருந்து

1933 பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி ஒரு செத்த கிடேரியையும், ஒரு பால் கேன் நிறைய ரத்தத்தையும், சுமார் 45 கிலோ பூஞ்சணம் பிடித்த தீவனத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு 300 கிலோமீட்டர் ஓட்டி மேடிசன் நகருக்கு வந்து சேர்ந்தார். பார்க்க வந்தது அரசு கால்நடை அதிகாரியை. அன்று சனிக்கிழமை, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. எந்த தேசமானால் என்ன, அரசு ஆபீஸ் அரசு ஆபீஸ்தான்.

கதவு திறந்திருந்த இடம், பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகம். கேனில் இருந்த ரத்தம் அத்தனை தூரம் வந்தும் உறையாமல் தளும்பிக்கொண்டிருந்தது. லிங்க் என்ன செய்வார், பாவம்? அந்தத் தீவனத்தை நிறுத்து, முடிந்தால் மாட்டுக்கு ரத்தம் ஏற்று என்றார். கனடாவில் ஸ்கோஃபீல்டு என்ற கால்நடை மருத்துவர் பத்து வருஷம் முன்பே சொன்ன யோசனை. பஞ்ச காலம் அது. நல்ல தீவனம் வாங்கக் காசிருந்தால் அந்த மனிதர் ஏன் கெட்டதைப் போடப் போகிறார்?

கார்ல்சன் போய்விட்டார். பிரச்சினை ஆய்வகத்திலேயே தங்கிவிட்டது. ஸ்வீட் க்ளோவர் என்ற அந்தத் தீவனப்பயிரில் கூமரின் என்றொரு வாசனைப் பொருள் உண்டு. அது பாட்டுக்கு இருந்தால் சாது. பூஞ்சணம் கை வைத்தால் டைகூமரால் என்ற வில்லனாகிவிடும். ஆளைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம் ஆனது. 1939இல் லிங்கின் மாணவர் கேம்பெல் பிரித்தெடுத்தது வெறும் 6 மில்லிகிராம்!

பிறகு லிங்குக்குக் காசநோய் வந்தது. சானடோரியத்தில் படுத்திருப்பவர்கள் நாவல் படிப்பார்கள். இவர் எலி ஒழிப்பு வரலாறு படித்தார். தின்றதும் சுருண்டு விழ வைக்கும் விஷத்தை எலி லேசில் நம்பாது. ஒரு எலி துடித்தால் மற்றவை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. மாட்டைக் கொன்ற சரக்கோ நாள் கணக்கில் நிதானமாக வேலை செய்யும். நாலு நாள் விருந்து சாப்பிட்ட எலிக்குச் சமையல்காரர் மேல் ஏன் சந்தேகம் வரப்போகிறது? அந்தக் குடும்பத்தில் செய்து பார்த்த பொருள்களில் 42ஆம் நம்பர் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பெயர் வார்ஃபரின்.

நிதானத்துக்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்கள் சிலவற்றைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின், கோலி சோடாவின் காலி பாட்டில் மாதிரி, கம்பெனிக்குத் திரும்பிப் போய் நிரம்பி வந்தாக வேண்டும். வார்ஃபரின் கம்பெனி வாசலில் நின்றுகொண்டு காலி பாட்டிலை உள்ளே விடாது. ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் புரதச் சரக்கு தீரும்வரை ஒன்றும் தெரியாது. அதனால்தான் இன்றும், ரத்தம் கட்டாமலிருக்க மனிதருக்கு வார்ஃபரின் மாத்திரை தொடங்கிய முதல் சில நாள், உடனே வேலை செய்யும் ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் போடுவது உண்டு. ஒன்று கவனிக்க: ஏற்கெனவே விழுந்த ரத்தக் கட்டியை வார்ஃபரின் கரைக்காது, மேலே வளராமல் தடுக்கும். கரைக்கிற வேலை ஸ்ட்ரெப்டோகைனேஸ் போன்றவற்றுக்கு. அதுவும் 1933இல்தான், தொண்டைப் புண் கிருமியிடமிருந்து அகப்பட்டது.

எலி மருந்தை மனிதருக்குக் கொடுக்க எந்த டாக்டருக்குத் துணிச்சல் வரும்? வழிகாட்டியது ஒரு தோல்வி. 1951இல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த ஒருவர் உயிரை விடும் எண்ணத்தில் இந்த எலி மருந்தை நாள் கணக்கில் தின்றார். சாகவில்லை. ஆஸ்பத்திரியில் வைட்டமின் கே கொடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார். முறிமருந்து கையில் இருக்கிறதென்றதும் டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954இல் மனிதருக்கும் அனுமதி.

அடுத்த வருஷமே பெரிய இடத்துச் சம்பந்தம். டென்வரில் கோல்ஃப் ஆடி, வெங்காயம் வைத்த ஹாம்பர்கர் தின்ற அதிபர் ஐசனோவர், வயிற்றுக் கோளாறுக்கு வெங்காயத்தைக் குற்றம் சாட்டினார். கடைசியில் பார்த்தால் மாரடைப்பு. அவருக்கும் வார்ஃபரின்தான்.

மனிதர்கள் நம்ப ஆரம்பித்த நேரத்தில் எலிகள் சுதாரித்துக்கொண்டன. 1958இல் ஸ்காட்லாந்துப் பண்ணைகளில், வார்ஃபரினைத் தின்றும் சாகாமல் வளைய வந்த எலிகள் கண்ணில் பட்டன. ஐசனோவருக்காவது அளவு பார்த்துக் கொடுக்க டாக்டர்கள் இருந்தார்கள். இவை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தெம்பாகக் குடும்பம் நடத்தின.