என் பேச்சைக் கேட்கும் குமிழ்

எங்கள் வீட்டில் ஃபேன் எந்த எண்ணில் சுற்றுவது என்பது மனைவியின் இலாகா. ஏசி மகளுடையது. டிவி சத்தம் மாமனாருக்கு எழுதிவைத்த சொத்து. ஆகவே, நான் ஒருவன் மட்டுமே திருகக்கூடிய குமிழ் உலகில் விற்பனைக்கு இருக்கிறது என்று தெரிந்தபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அதன் பெயர் அட்ஜஸ்டபிள் ஷாக் அப்சார்பர். ரான்ச்சோ, டஃப் டாக் போன்ற கம்பெனிகளின் குமிழில் 9 நிலைகள். எங்கள் ஃபேனுக்கே 5தான்.

வண்டி இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள எஸ்யூவி. காடு மலை ஏறும் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஏறியதென்னவோ மருதமலைக் கார் பாதையும் அபார்ட்மென்ட் சரிவும்தான். பழைய ஷாக்குகளில் எண்ணெய் கசிய ஆரம்பித்த பிறகு, வேகத்தடை தாண்டி வெகுதூரம் வந்தும் பின்சீட்டில் மாமனாரின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. நான் சொன்னதையெல்லாம் அவர் ஆமோதித்த ஒரே காலம் அது.

வேகத்தடைக்கும் இலக்கணம் உண்டு. 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கலாம் என்றது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு ஐஆர்சி 99 வழிகாட்டி. எங்கள் தெருவில் போட்டவர் உயரத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டார்.

எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அது குதிக்கும் குதியை அடக்குவது ஷாக். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும்போது வால்வு வழியே எண்ணெய் பிதுங்கிப் போகிறது. ஆட்டம் சூடாக மாறி அடங்குகிறது. எண்ணெய் நுரைத்துப் போகாமலிருக்க நைட்ரஜன் அடைத்திருக்கிறார்கள். குமிழைத் திருகினால் எண்ணெய் போகும் வழி குறுகும், ஷாக் விறைக்கும். இதை நான் இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினேன். மனைவி ரசம் ஊற்றிக்கொண்டே, “ஏனுங்க, குதிக்கறது ஒருத்தரு, அடக்கறது இன்னொருத்தருன்னா, அந்த ஏற்பாடு நம்மூட்ல ஏற்கெனவே இருக்குதுங்களே” என்றாள்.

நானே மாட்டிவிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. மெக்கானிக் தம்பி என் கையைப் பார்த்தார். பால் பாக்கெட் வெட்டுவதைத் தாண்டி எதுவும் செய்திராத கை. “வேண்டாங்ணா, முன்னாடி ஷாக்கு ஸ்பிரிங்குக்குள்ள உக்காந்திருக்கு. கம்ப்ரசர் போட்டு அமுக்கித்தான் கழட்டோணும். நழுவுச்சுன்னா மூஞ்சியப் பேத்துரும்” என்றார். நான் ஸ்டூலைப் பத்தடி தள்ளிப் போட்டு மேற்பார்வை செய்தேன். கீழ் போல்ட்டை அவர் பாதி முடுக்கி நிறுத்தியதும், ஆளைப் பிடித்துவிட்டதாக நினைத்து எழுந்தேன். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுக்க முடுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும், சக்கரம் தரையில் ஊன்றிய பிறகுதான் முடுக்க வேண்டும் என்றார். உட்கார்ந்துவிட்டேன். அலைன்மென்ட்டையும் பார்த்துக் கொடுத்தார்கள். என் பங்காக இருந்தது பில்.

குமிழ் எங்கே இருக்கிறது என்பதை வாங்கும்போது யாரும் வலியுறுத்திச் சொல்வதில்லை. ஷாக்கின் உடம்பில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் வேட்டியோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துக் கையை உள்ளே விட்டுத் திருகிக்கொண்டிருக்க, வாட்ச்மேன் சோடா வாங்க ஓடினார்.

9 என்று இருந்தால் 9தானே உயர்ந்தது? அதில் வைத்து உக்கடம் வரை போனோம். “இதுல உக்காந்தா கீழ கிடக்கறது ஜல்லியா, கூழாங்கல்லான்னே சொல்லீர்லாம்” என்றாள் மனைவி. மாமனார் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். விறைத்த நிலையெல்லாம் நல்ல சுமைக்கு என்பது அப்புறம் புரிந்தது. நான் மட்டும் ஊருக்குள் போக 2 போதும். வால்பாறைக்கு ஆளும் பெட்டியுமாய் 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பின்னால் 6 வைத்தேன். வண்டி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து அலைவது நன்றாகவே குறைந்தது. 4க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் எனக்கும் தெரியாது, இருந்தாலும் அறிவித்துவிடுவேன்.

இப்போதெல்லாம் எந்த எண் என்பதை மனைவி சொல்கிறாள். படுத்துத் திருகுவது மட்டும் நான். உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சில் மாற்றும் வகையும் விற்கிறார்கள். கல்யாணமானவர்கள் அதை வாங்கிவிடாதீர்கள். இடது முன்சீட்டிலிருந்து சுவிட்ச் நன்றாகக் கைக்கு எட்டும்.