தருவைகுளத்தாருக்கு ஒரு கவர் கையேடு

கடலுக்குப் போன ஆளை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று கரைக்குத் தகவல் வந்ததும் வீட்டார் அழுதுகொண்டு உட்காரக் கூடாது. நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, மீனவர் அடையாள அட்டை, படகின் பதிவுச் சான்று, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் ஐந்து நகல். அதற்குப் பிறகுதான் கவர்.

கவர் விஷயத்தில் நம் ஜனங்களுக்குப் பயிற்சி போதாது. பாசி வளர்க்கப் பயிற்சி தருகிறார்கள், அலங்கார மீன் வளர்க்கத் தருகிறார்கள், மீன் ஊறுகாய் போடக்கூடத் தருகிறார்கள். ஒரு மீனவக் குடும்பம் வாழ்நாளில் கருவாட்டைவிட அதிகமாகக் கட்டி அனுப்புவது மனுவைத்தான். அதற்கு மட்டும் ஒரு வகுப்பு கிடையாது. அந்தக் குறையைப் போக்கவே இதை எழுதுகிறேன்.

கல்யாண மொய் வைக்கும் சின்ன வெள்ளைக் கவரை மறந்துவிடுங்கள். நான்காக மடித்த மனுவை எந்த அதிகாரியும் பிரிப்பதில்லை; மடிப்பின் எண்ணிக்கையைப் பார்த்தே அனுப்பியவரின் வசதி தெரிந்துவிடும். மூன்றாக மடித்து நீளக் கவரில் போடுவது தாலுகா அளவுக்குச் சரி. கலெக்டருக்கு மேலே போவதற்கெல்லாம் மடிக்காமல் வைக்கும் பெரிய பழுப்புக் கவர். சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைத்துப் போட்ட கையெழுத்தும் பங்குச் சாமியாரின் முத்திரையும் கசங்காமல் போய்ச் சேரும். வசதி இருந்தால் உள்ளே துணி ஒட்டிய கவர் வாங்குங்கள். கடல் காற்றுக்காக என்று நினைக்காதீர்கள். மனு நாலைந்து வருஷம் கட்டுக்குள் கிடக்க வேண்டியது, வெறும் காகிதம் தாங்காது.

கடைப் பையன் கேட்பான்: “யக்கா, சின்னதா பெருசா?” 

“ஆள் உள்ள போயி வெளிய வார அளவுக்கு இருந்தாத் தா, தம்பி.”

அந்த அளவில் இன்னும் வரவில்லை.

அடுத்தது எடை. ஏ-4 தாள் ஒன்று ஐந்து கிராம். விரைவுத் தபாலில் முதல் படி 50 கிராம். கவரின் எடையைக் கழித்தால் உங்கள் துயரத்துக்கு ஏழெட்டுத் தாள் மிஞ்சும். அதற்குள் பிடிபட்ட நாள், இடம், பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் சர்க்கரை வியாதி எல்லாம் அடங்க வேண்டும். டெல்லிக்கு 50 கிராம் வரை 47 ரூபாய். ஒரு கிராம் கூடினாலும் 77. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கண்ணீருக்குத் தனி வரி விதிக்கவில்லை, தாளின் எடையோடு சேர்த்துக்கொள்கிறார்கள்.

“ஏன், பதிவுத் தபால் இருக்கிறதே, இருபத்தைந்து ரூபாய்க்குள் முடியுமே” என்று கேட்கும் பெரியவர்கள் கவனிக்க. 2025-இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஏழைகளின் ஆயுதமாக இருந்த ஒரே சேவை அது. கொடுத்தோம் என்பதற்கு ரசீது, வாங்கினான் என்பதற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை; கோர்ட்டில் நீட்டினால் நிற்கும். இப்போது அதே பதிவு விரைவுத் தபாலின் தலையில் ஐந்து ரூபாய்க் கூடுதல் சேவையாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் வேகத்துக்காகவாம். மனு மூன்று நாளில் டெல்லி போய்விடுகிறது, மறுக்கவில்லை. டெல்லியில் அந்த மேஜையிலிருந்து இந்த மேஜைக்குப் போகிற நாலடி தூரத்துக்குத்தான் விரைவுச் சேவை இன்னும் அறிமுகமாகவில்லை.

டெல்லிக்கு நேரே போட்டாலும், முறைப்படியான பெறுநர் யார்? மீன்வளத் துறை உதவி இயக்குநர். அவர் ஒரு முகப்புக் கடிதம் வைத்து கலெக்டருக்கு அனுப்புவார். கலெக்டர் அலுவலகம் இன்னொன்று வைத்து சென்னைக்கு. சென்னை இன்னொன்று வைத்து டெல்லிக்கு. டெல்லி, கொழும்பில் இருக்கும் நம் தூதரகத்துக்கு. நீங்கள் எட்டுத் தாளில் சுருக்கியது அங்கே போய்ச் சேரும்போது கொழுத்த கட்டாக இருக்கும். அதில் உங்கள் புருஷன் பெயர் இருக்கும் தாள் அடியில். ஒவ்வொரு முகப்பிலும் ஒரே வாக்கியம்: தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது. நடவடிக்கை என்பதே அனுப்புவதுதான் என்று புரிந்துகொண்டவர்களுக்கு ரத்தக் கொதிப்பு வருவதில்லை.

தருவைகுளத்துக்கு இது நூலறிவு இல்லை, பட்ட அறிவு. விசைப்படகில் வழிவலை ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் தங்கு கடலுக்குப் போகிற தூத்துக்குடிப் பக்கத்து ஊர். 2023 அக்டோபரில் ஒரு படகையும் 12 பேரையும் மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. ஆட்களை விட்டார்கள், படகுக்கு நம் பணத்தில் இரண்டு கோடிக்கு மேல் அபராதம் என்றார்கள். 2024 ஆகஸ்டில் இரண்டு படகும் 22 பேரும் இலங்கையிடம். அங்கே நீதிமன்றம் விதித்த அபராதமும் இலங்கை ரூபாயில் கோடிக் கணக்கில்தான். இவ்வளவு பணத்தை மொத்தமாகப் பார்த்த வீடு அந்தத் தெருவில் உண்டா என்று எந்தக் கவரிலும் யாரும் கேட்டு எழுதவில்லை.

இந்த நேரத்தில்தான் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த வகைக் கடிதம் பிறக்கும்: முதலமைச்சர் கடிதம். எந்தக் கட்சி ஆண்டாலும் இதன் வாசகம் மாறாது. பிடிபட்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆழ்ந்த கவலை, வாழ்வாதாரம், தூதரக வழி, உடனடி விடுதலை. கவரில் போடும் முன்பே பத்திரிகைக்குப் போய்விடுவதால் இதற்கு அஞ்சல்தலை செலவு மிச்சம். 2008 அக்டோபரில் ஈழத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்தபோது, பிரதமருக்குத் தந்தி அடியுங்கள் என்று ஊரைக் கேட்டுக்கொண்ட தலைமையும் நமக்கு வாய்த்தது. அடித்தார்கள். 2013 ஜூலையில் தந்தியையே மூடினார்கள்.

கடிதம் எழுதி மேலிடத்தை நம்புவது இந்தக் கரைக்குப் பழைய வழக்கம்தான். இங்கே அலைந்த சவேரியார் 1545 சனவரியில் போர்ச்சுகல் அரசனுக்கே எழுதி, அவன் அதிகாரிகளின் நடத்தையை முறையிட்டார். பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் போன கடிதம். அந்த மனிதரைப் புனிதராக்கினார்கள், அதிகாரிகள் அப்படியேதான் இருந்தார்கள்.

கடிதத்தால் ஒன்றும் நடக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒன்று நடந்தது.

1976 மார்ச் 23. அன்றுதான் மன்னார் வளைகுடாவில், அதாவது தருவைகுளத்தின் வாசலில், இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு போட்டுக்கொண்டன. 1974-இல் பாக் நீரிணையில் கோடு போட்டு கச்சத்தீவைக் கொடுத்தபோதாவது, நம் ஆள் அங்கே போய்வரலாம் என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி இருந்தது. 1976-இல் ஒப்பந்தத்தோடு நிற்கவில்லை. இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கையின் வெளியுறவுச் செயலர் ஜெயசிங்கேவும் அதே நாளில் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். இந்திய மீனவரும் படகும் இலங்கையின் கடலில் மீன் பிடிக்கக் கூடாது. அவர்களும் நம் கடலில் பிடிக்கக் கூடாது. முடிந்தது. நூற்றாண்டுகளாக இரு கரையும் புழங்கிய கடலுக்கு இரண்டு கடிதம்.

எந்தக் கடையில் வாங்கிய கவரோ, எவ்வளவு எடையோ, வேலை செய்தது பாருங்கள்! முகப்புக் கடிதம் கிடையாது, தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படவில்லை, கலெக்டர் வழியாக வரவும் இல்லை. நாட்டில் நெருக்கடி நிலை. தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. ஜனவரி 31-ஆம் தேதிதான் ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். கேட்க வாயிருந்தவர்களில் பலர் சிறையில். வலை போடுகிறவனைக் கூப்பிட்டு, எய்யா, உன் கடல் எதுவரை என்று கேட்கும் வழக்கம் எந்த அரசாங்கத்துக்கும் இருந்ததில்லை, அதனால் அன்றும் கேட்கவில்லை. கடிதத்தின் நகல்கூட கரைக்கு வரவில்லை. பிற்பாடு பீரங்கிப் படகு வந்து வாசித்துக் காட்டியது.

தபால் நிலையத்தில் எடைக்கு ஏற்ற கட்டணம் என்றால், இலங்கையில் நீளத்துக்கு ஏற்ற கட்டணம். 2018-இல் திருத்திய அவர்கள் சட்டப்படி, அத்துமீறும் வெளிநாட்டுப் படகின் அளவைப் பார்த்து 50 லட்சம் இலங்கை ரூபாயில் தொடங்கி 17.5 கோடி வரை அபராதம் ஏறும். ஒன்றை மறைத்துப் பேசுவது அயோக்கியத்தனம்: அக்கரையில் யாழ்ப்பாணத்து மீனவனும் மனுதான் எழுதிக்கொண்டிருக்கிறான். நம் பக்கத்து இழுவைப் படகுகள் அவன் வலையை அறுத்து, கடல் அடியை வழித்துக்கொண்டு போகின்றன. போரில் எல்லாம் இழந்து ஒற்றை வலையோடு திரும்பவும் கடலுக்கு வந்தவன் அவன். இழுவைப் படகுக்கு மானியம் கொடுத்து வளர்த்தவர்கள் யார் என்று எழுதிய கடிதமும் எங்கோ ஒரு கட்டுக்குள் இருக்கும். இரண்டு கரைத் தமிழனும் தனித்தனி அரசாங்கத்துக்கு ஒரே மனுவை எழுதுகிறான். பதில் வருவதில் இரு நாட்டுக்கும் இடையே முழுச் சமத்துவம் நிலவுகிறது.

உயர்தரத்தில் இன்னொரு வகை உண்டு, மூடி முத்திரையிட்ட உறை. நீங்கள் ஆசைப்பட வேண்டாம், இது அரசாங்கமும் கட்சிகளும் உச்ச நீதிமன்றம் கேட்டுக் கொடுப்பது. ரஃபேல் விமானத்தின் விலை இதில் போனது. தேர்தல் பத்திரத்தில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் 2019-இல் இதில் வைத்துத்தான் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2024-இல் அந்தத் திட்டமே செல்லாது என்று ஆகி, பட்டியல் வெளியே வந்தபோது, தூத்துக்குடிக்காரர்கள் நன்றாக அறிந்த ஒரு கம்பெனி, ஸ்டெர்லைட்டின் முதலாளியான வேதாந்தா, நூற்றுக்கணக்கான கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அவர்கள் கவருக்கு அரக்கு முத்திரை, உங்கள் கவருக்குக் கோந்து.

தபாலே வேண்டாம், நேரில் போய்ச் சொல்லிவிடுகிறோம் என்பவர்களுக்கு: 2018 மே 22 அன்று தூத்துக்குடிக் கலெக்டர் அலுவலகத்துக்கு நேரில்தான் போனார்கள். ஸ்டெர்லைட்டை மூடுங்கள் என்று நூறு நாள் உட்கார்ந்து சொல்லியும் கேட்காத குறையை வாயால் சொல்லப் போனார்கள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். தோட்டா வாயைத் துளைத்துச் செத்த பிள்ளை ஒருத்தியும் அதில் உண்டு. விசாரணை ஆணையம் வைத்தார்கள், அது நாலு வருஷம் கழித்து 2022-இல் தடித்த அறிக்கையைக் கொடுத்தது. அதையும் கவரில் வைத்துத்தான் கொடுத்திருப்பார்கள்.

சரி, அரசு மனு வாங்கும் முகாம் நடக்கும்போது கொடுக்கலாமே? கொடுக்கலாம். 2025 ஆகஸ்டில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மக்கள் கொடுத்த மனுக்கள் திருப்புவனத்தில் வைகை ஆற்றில் மிதந்தன. பிறகு விளக்கம் வந்தது, வழக்கு வந்தது. தண்ணீர் இருந்ததே பெரிது.

இத்தனை படித்துவிட்டு, வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேரும் கவரே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. 2009 சனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைப் பேப்பருக்குள் ஒரு கவர் வந்தது, உள்ளே பணமும் யாருக்கு ஓட்டு என்ற சீட்டும் என்று அமெரிக்கத் துணைத் தூதரக அதிகாரிகளே தங்கள் ஊருக்கு எழுதிவைத்தார்கள், விக்கிலீக்ஸ் அதை வெளியிட்டது. தபால்தலை இல்லை, பின்கோடு இல்லை. ஒரு வீடு தப்பவில்லை, வாக்காளர் தலைக்கணக்கு பிசகவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கும் மீனவனின் முகவரி அரசாங்கத்துக்குச் சரியாகத் தெரியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இன்னொன்று ஜன்னல் கவர். நெஞ்சில் கண்ணாடித் தாள் ஒட்டி, உள்ளே இருக்கும் பெயர் வெளியே தெரிகிற மாதிரி இருக்கும். பிடிபட்ட படகு கடனில் வாங்கியது. கடனுக்கு ஈடு வீடு. படகு அக்கரையில் துருப்பிடிக்கும்; ஏலம் போட்டாலும் போடுவார்கள், 2022 பிப்ரவரியில் நம் படகுகளை அங்கே வரிசையாக நிறுத்தி ஏலம் விட்டார்களே. ஆனால் வட்டிக்கு எல்லைக் கோடு கிடையாது. 60 நாளுக்குள் மொத்தத்தையும் கட்டு, இல்லாவிட்டால் சொத்தை எடுத்துக்கொள்வோம் என்ற நோட்டீசை, எழுத்துப் பிழை ஒன்று இல்லாமல், தகப்பன் பெயரோடு வாசலுக்கே கொண்டுவருவார் தபால்காரர். அவர் மேல் குற்றமில்லை, அவரும் இந்த ஊர்க்காரர்தான். யாரைத் தேடுகிறார், அவர் எந்தச் சிறையில் இருக்கிறார் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, பேனாவை எடுத்து, கவரின் மேல் ‘முகவரிதாரர் வீட்டில் இல்லை’ என்று எழுதுவார். சட்டப்படி அந்த நோட்டீஸ் கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும்.