மூணு சீட்டுக்காரனுக்கு முன்வரிசைக் கடை

ஊர்த் திருவிழாவில் மூணு சீட்டு போடுகிறவன் துண்டை விரித்தால், கடைத்தெருவைக் குத்தகைக்கு எடுத்தவர் இரண்டில் ஒன்று செய்வார். நல்லவர் என்றால் விரட்டுவார். கெட்டவர் என்றால் பங்கு கேட்பார். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் மூன்றாவதாக ஒரு வழி கண்டிருக்கிறது. இவன் திருடன்தான் என்று 95 சதவீதம் நிச்சயமானால் விரட்டு. அதற்குக் கீழே சந்தேகம் எவ்வளவு இருந்தாலும் கடை போட விடு. வாடகையை மட்டும் கூட்டி வாங்கு. கூட்டி வாங்குவதற்குத் தண்டனை என்று பெயர் வை.

நான் கட்டிய கதை இல்லை இது. மெட்டாவின் உள் ஆவணங்களைப் பார்த்து ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2025 நவம்பரில் வெளியிட்டது. அந்தக் காகிதக் கட்டில் இன்னும் பல ரத்தினங்கள் உண்டு. 2024ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட சரக்குகளின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று நிறுவனமே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருக்கிறது. நம் காசில் ஏறக்குறைய 1.4 லட்சம் கோடி ரூபாய். ‘அதிக ஆபத்து’ என்று அவர்களே முத்திரை குத்திய மோசடி விளம்பரங்கள் நாளொன்றுக்கு 1,500 கோடி முறை ஜனங்களின் கண்ணில் காட்டப்பட்டிருக்கின்றன. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையையும் சேர்த்து உலகத்தில் தலைக்கு ஏறக்குறைய இரண்டு.

நிறுவனம் சும்மா இருக்கவில்லை, பதில் சொன்னது. ஆவணங்களைத் தங்களுக்கு வேண்டியபடி பொறுக்கி எடுத்துக் காட்டுகிறார்களாம். பத்து சதவீதம் என்பது குத்துமதிப்பான கணக்காம். நல்ல விளம்பரங்களும் அதில் சேர்ந்துவிட்டனவாம். சரி ஐயா, நல்லவர்களைக் கழித்துவிட்டுத் திருடர்களை மட்டும் எண்ணினால் எவ்வளவு வரும் என்று கேட்டதற்கு அந்தத் தொகையைச் சொல்ல மறுத்துவிட்டார்கள். 2025இல் மட்டும் 13.4 கோடி மோசடி விளம்பரங்களை நீக்கியதாக ஒரு பெருமை வேறு. பாராட்டத்தான் வேண்டும். பதின்மூன்று கோடியை அள்ளிக் கொட்டுமளவுக்குக் குப்பை சேர்ந்த இடத்தைப் பெருக்கியவர்கள் அவர்கள். சேர்த்தவர்களும் அவர்கள்தான் என்பது தனி விஷயம்.

திருடர்களுக்குள்ளும் அந்தஸ்து பார்க்கிறது இந்த நிறுவனம். இதை நான் மிகவும் ரசித்தேன். சின்ன விளம்பரதாரர் ஒருவர் பண மோசடி செய்கிறார் என்று குறைந்தது எட்டு முறை குறி விழுந்தால்தான் அவர் கணக்கு முடக்கப்படும். எட்டு முறை! நம் ஊரில் ஹெல்மெட் இல்லாமல் போகிறவனுக்கு முதல் தடவையே சலான் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆனால் பெரிய தொகைக்கு விளம்பரம் தருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கணக்கில் 500 குறிக்கு மேல் விழுந்தும் கடை திறந்தே இருந்திருக்கிறது. ஏழைத் திருடனுக்கு எட்டோடு முடிந்தது. பணக்காரத் திருடன் ஐந்நூறையும் தாண்டி நடந்துகொண்டே இருக்கலாம். பாவிகளுக்குள்ளேயே வர்க்க பேதம் பார்க்கும் நரகத்தை எந்தப் புராணமும் எழுதவில்லை.

இதையெல்லாம் தடுக்க அங்கே ஆள் இல்லையா? இருக்கிறார்கள், தனிக்குழுவே இருக்கிறது. அந்தக் குழுவுக்கு 2025இன் முதல் பாதியில் ஒரு வரம்பு கட்டினார்கள். நீங்கள் எடுக்கும் எந்த நடவடிக்கையாலும் நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 0.15 சதவீதத்துக்கு மேல் நஷ்டம் வரக் கூடாது. ஆயிரம் ரூபாய் வரவில் ஒன்றரை ரூபாய்க்கு யோக்கியமாக இருந்துகொள்ளலாம். ஒன்றே முக்கால் ரூபாய்க்கு யோக்கியமாக இருந்தால் மேலாளர் கூப்பிட்டு விசாரிப்பார். மனசாட்சிக்கு பட்ஜெட் போட்ட தர்மவான்கள் இதற்கு முன் இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டம் பிடித்தால்? அதற்கும் கணக்கு இருக்கிறது. சட்டச் சிக்கல் வரக்கூடிய மோசடி விளம்பரங்களிலிருந்து மட்டும் ஆறு மாதத்துக்கு 350 கோடி டாலர் வருகிறது என்றும், அரசுகள் அபராதம் போட்டால் 100 கோடி டாலர் வரை போகலாம் என்றும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கழித்தல் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விடை தெரியும்.

இனி இந்தத் தளங்களில் உறுப்பினராக இருப்பவரின் குறைக்கு வருவோம். ‘இந்த விளம்பரம் மோசடி’, ‘இந்த ஆள் என்னை ஏமாற்றப் பார்க்கிறான்’ என்று புகார் சொல்ல ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் மூன்று புள்ளி வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டால் பட்டியல் விரியும். எதைப் பற்றிய புகார், என்ன வகை, அதற்குள் என்ன உட்பிரிவு என்று வரிசையாகக் கேட்கும். முடிவில் நன்றி சொல்லும். நன்றி சொல்வதில் குறையே வைக்க மாட்டார்கள். பிறகு ஒரு நாள் அறிவிப்பு வரும்: பரிசீலித்தோம், எங்கள் விதிகளை இது மீறவில்லை. இப்படி எத்தனை முறை நடந்தது? 2023இல், மோசடிக்காரர்கள் தங்களுக்குச் செய்தி அனுப்புகிறார்கள் என்று வாரத்துக்குச் சுமார் ஒரு லட்சம் சரியான புகார்களை உறுப்பினர்கள் கொடுத்திருக்கிறார்கள். ‘சரியான’ என்பது நிறுவனத்தின் ஆட்களே ஒப்புக்கொண்டது. அவற்றில் 96 சதவீதம் கண்டுகொள்ளப்படவில்லை அல்லது தவறாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. வாரம் 96,000 தடவை நெருப்பு நெருப்பு என்று கத்தியிருக்கிறார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் போயிருக்கிறது.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிற நம் கிழவிக்கு நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, மனுவை வாங்க எதிரே ஒரு மனித முகமாவது இருக்கும். கோபம் வந்தால் திட்டிவிட்டு வரலாம். இங்கே திட்டுவதற்கும் ஆளில்லை. கையில் கோடி இருந்தாலும் இதே கதிதான். ஆண்ட்ரூ ஃபாரஸ்ட் என்ற ஆஸ்திரேலியச் சுரங்க அதிபரின் முகத்தை வைத்து கிரிப்டோ மோசடி விளம்பரங்கள் ஓடின. அவர் 2022இல் தம் நாட்டில் குற்ற வழக்கே தொடுத்தார். 2024இல் அந்நாட்டு அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆதாரம் போதாது என்று அதைக் கைவிட்டது. சொந்தமாக விமானம் வைத்திருப்பவரின் குரலே கேட்கவில்லை. சொந்தமாக ஸ்கூட்டி வைத்திருப்பவரின் குரல் எங்கே கேட்கப்போகிறது?

புகார் சொல்லாமல் ஏமாந்தவருக்கு மட்டும் கவனிப்பில் ஒரு குறையும் இல்லை. மோசடி விளம்பரத்தை ஒரு தடவை தொட்டவருக்கு அதே மாதிரி விளம்பரங்கள் இன்னும் அதிகமாக வந்து சேரும். அவருக்கு இதில் ஆர்வம் இருக்கிறது என்று இயந்திரம் அன்போடு முடிவு செய்துவிடுகிறது. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்வோம். கிராஜுவிட்டி பணம் வங்கியில் கிடக்கிறது. பேரன் வாங்கித் தந்த போனில் நிதியமைச்சரே தோன்றி, சில ஆயிரம் போட்டால் மாதம் லட்சக்கணக்கில் வரும் என்கிறார். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமனின் முகமும் குரலும் இப்படிக் களவாடப்பட்டதையும், ஃபேஸ்புக்கில் உலவிய அந்த வீடியோக்கள் போலி என்பதையும் மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு முறையல்ல, பல முறை அறிவித்திருக்கிறது. நாட்டின் கஜானாச் சாவியை வைத்திருப்பவரின் முகத்தையே காப்பாற்ற முடியாத ஊரில் வாத்தியார் தம் வைப்புநிதியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

பணம் போனதும் ஊர் என்ன சொல்லும்? பேராசை பெருநஷ்டம். உறவுக்காரர்கள் சொல்வார்கள், காவல் நிலையத்தில் சொல்வார்கள், மகனே சொல்வான். அந்த வெட்கத்துக்குப் பயந்து வாயைத் திறக்காமல் சாகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 கடைசியில் தொடங்கி மாதக்கணக்கில், யாருக்குப் போன் போட்டாலும் முதலில் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அரசு ஒரு குரலை ஓட்டியது. அவசரத்துக்கு யாரையாவது கூப்பிடுகிறவனும் அதைக் கேட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கை எல்லாம் ஏமாறுகிறவனுக்கு. விளம்பரத்துக்கு ரசீது போட்டுக் காசு வாங்கியவனின் காதில் எந்த அரசு எந்தக் குரலை ஓட்டியது? பேராசை என்றீர்களே, சம்பளம் வாங்கிச் சேர்த்த ஒருவர் இன்னும் நாலு காசு கிடைக்குமா என்று பார்த்தது பேராசை. 1,600 கோடி டாலருக்கு முன்கூட்டியே திட்டம் போட்டவர்களுடையது வருவாய் முன்கணிப்பு.

விளம்பரம்தான் சோறு போடுகிறது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. 2018 ஏப்ரலில் அமெரிக்க செனட்டில், சேவைக்குக் காசு வாங்காமல் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று ஆரின் ஹேட்ச் என்ற முதிய செனட்டர் கேட்டார். விளம்பரம் ஓட்டுகிறோம் செனட்டர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சிரித்தார் நிறுவனத் தலைவர் மார்க் சக்கர்பெர்க். கேள்வி கேட்ட கிழவரை உலகமே கேலி செய்தது. இப்போது யோசித்தால், அந்தக் கிழவர் ஒரு துணைக்கேள்வியும் கேட்டிருக்கலாம்: யாருடைய விளம்பரம்?

விளம்பரமே வேண்டாம் என்கிற உறுப்பினருக்கும் வழி செய்திருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஐரோப்பாவில் இதைத் தொடங்கியபோது மாதம் சுமார் 10 யூரோ கட்டினால் விளம்பரமில்லாத ஃபேஸ்புக். கட்டாவிட்டால் உன் அந்தரங்கத் தகவல் எங்களுக்கு என்றார்கள். இது சம்மதமே இல்லை என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது. கூட்டத்தில் பிக்பாக்கெட் நடக்கிறது என்று முறையிட்டால், தனியறை இருக்கிறது, வாடகை கொடுத்து உட்கார்ந்துகொள் என்கிற நியாயம்.

நம் நாட்டு ஏற்பாடும் காகிதத்தில் கன கம்பீரமாகத்தான் இருக்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு பெரிய தளமும் குறைதீர் அதிகாரியை வைக்க வேண்டும். அவர் 24 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், குறித்த நாளுக்குள் தீர்க்க வேண்டும். மாதாமாதம் அறிக்கையும் வெளியிட வேண்டும். வெளியிடுகிறார்கள். மெட்டாவின் இந்திய அறிக்கையில் ஒரு வாசகம் தவறாமல் வரும்: இத்தனை புகார்களில் பயனாளர்கள் தங்கள் சிக்கலைத் தாங்களே தீர்த்துக்கொள்ளக் கருவிகள் வழங்கினோம். புகார் கொடுத்தவனிடமே ஒரு லத்தியைக் கொடுத்து நீயே போய்ப் பிடித்துக்கொள் என்பதற்கு இவ்வளவு மரியாதையான வாக்கியம் அமைத்தவருக்கு விருது தரலாம். திருப்தி இல்லையென்றால் 2023 முதல் மேல்முறையீட்டுக் குழுக்கள் உண்டு. 30 நாளுக்குள் முறையிட வேண்டும். மோசடிப் பணமோ முப்பது நிமிடத்தில் நாலு வங்கிக் கணக்கு தாண்டியிருக்கும்.

மோசடியை முன்கூட்டியே தடுப்பது முடியாததா? சிங்கப்பூர் காவல்துறை 2025 செப்டம்பரில், அரசு அதிகாரிகளின் முகத்தைப் போலியாக்கும் மோசடியைத் தடுக்க நடவடிக்கை எடு, இல்லையேல் 10 லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம் என்று மெட்டாவுக்கு உத்தரவு போட்டது. உத்தரவு போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அவர்களிடம் முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் இல்லாமலில்லை. நீங்கள் கேட்காமலே உங்கள் அத்தை மகனைப் படத்தில் கண்டுபிடித்துப் பெயர் சொல்லிக்கொண்டிருந்த நிறுவனம்தானே.

இந்தியச் சட்டம் இவர்களுக்கு ஒரு குடை பிடிக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு: இடைத்தரகர், அடுத்தவர் போட்ட சரக்குக்குப் பொறுப்பில்லை. பெறுகிறவர் யார் என்று இவர் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அங்கே சொல்லப்படும் நிபந்தனைகளில் ஒன்று. விளம்பரத் தொழிலில் இவர் விற்கும் ஒரே சரக்கே அதுதான்: யாரிடம் காட்ட வேண்டும் என்ற தேர்வு. அறுபது வயது, ஓய்வுபெற்றவர், முதலீட்டில் ஆர்வம், போன தடவையும் தொட்டார். இதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்குத்தான் கட்டணம். சந்தேகம் வந்ததும் கட்டணத்தைக் கூட்டியவர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எந்த நீதிமன்றத்தில் நின்று சொல்வார்? தெரிந்ததற்குத்தானே அந்தக் கூடுதல்!

மெட்டாக்காரர்களே, அந்தக் கூடுதலைத் தண்டனை என்றுதான் நீங்களே சொன்னீர்கள். நீதிபதி போடும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். நீங்கள் போட்ட அபராதம் உங்கள் கல்லாவுக்கே போயிருக்கிறது. அதை எடுத்து வையுங்கள். அடிப்படை வாடகையையும் சேர்த்து எடுத்து வையுங்கள். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழுதுகொண்டே போன் போட்டவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். யாருக்குக் கொடுப்பது, புகாரோடு ஆதாரத்தை இணைத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். எந்த மோசடி விளம்பரம் எந்த நாளில், எந்த நிமிடத்தில், யாருடைய போனில் காட்டப்பட்டது, அவர் அதைத் தொட்டாரா இல்லையா என்ற பேரேடு உங்களிடம்தான் இருக்கிறது. அதைக் காட்டித்தானே திருடனிடம் காசு வாங்கினீர்கள்.