கூட்டம் பிடிக்காதவர்

கியோட்டோவுக்குப் போனவர்கள் இவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. எந்த நாட்டுக்காரராகவும் இருப்பார். தோளில் கனமான கேமரா, முகத்தில் நிரந்தரச் சலிப்பு. வாயைத் திறந்தால், “இந்த டூரிஸ்டுகளால் ஊரே பாழாப்போச்சு!” இவரும் முந்தாநாள்தான் கான்சாய் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருப்பார்.

794-இல் தலைநகராகி, ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேரரசர்கள் வாழ்ந்த ஊர். பார்க்க என்ன குறைச்சல்? ஆனால் எதைச் சொன்னாலும் இவரிடம் ஓர் ஆட்சேபம் தயார். பொற்கோயிலா? பழைய கின்காகுஜியை 1950-இல் இளம் துறவி ஒருவர் கொளுத்திவிட்டார். இப்போது நிற்பது 1955-இல் கட்டியது. “அதைப் பார்க்கவா இத்தனை செலவு பண்ணி வந்தேன்?” என்பார். குளத்துத் தண்ணீரில் அந்தத் தங்கம் தலைகீழாக மின்னும் படம் இவருடைய கைப்பேசியின் முகப்பில் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று மட்டும் கேட்கக்கூடாது.

கூட்டத்தை ஜெயிக்க விடியற்காலையே வழி என்பது இவருடைய சித்தாந்தம். மலையடிவாரக் கோயிலான ஃபுஷிமி இனாரியில் நடை சாத்துவதில்லை, கட்டணமும் இல்லை. ஆகவே இருட்டிலேயே எழுந்து, மனைவியையும் எழுப்பிக் கிளம்புவார். மலைமேல் வரிசை வரிசையாகச் செந்நிறத் தோரி வாசல்கள், சுமார் 10,000. பெரும்பாலும் வணிகர்களின் உபயம். பெயரும் தேதியும் பின்பக்கம். இந்த அற்புதத்தின் அடியில், இவரைப் போலவே கூட்டம் பிடிக்காதவர்கள் ஒரு பெருங்கூட்டமாக நின்றுகொண்டிருப்பார்கள். எல்லோருக்கும் வேண்டியது ஆளில்லாத படம். எனவே ஒவ்வொருவரும் மற்றவர்கள் விலகட்டும் என்று காத்திருப்பார்கள், ஒருவரும் விலகமாட்டார்கள். அம்மையார் கல் நரி ஒன்றின் பக்கத்தில் நின்று கொட்டாவி விடுவார்.

மலை 233 மீட்டர்தான். பாதிக்கு மேல் ஏறினால் கூட்டம் நிஜமாகவே கரைந்துவிடும் (யார் கேட்டாலும் நானும் இதைத்தான் சொல்வேன்). இவரும் ஏறுவார். மேலே ஈ காக்கை கிடையாது. அப்போதுதான் புதுச் சங்கடம் முளைக்கும்: இருவரையும் சேர்த்துப் படம் எடுக்க ஆளில்லையே! கீழே பார்த்துக்கொண்டே நிற்பார், எவனாவது ஒரு டூரிஸ்ட் வரமாட்டானா என்று.

ரியோஆன்ஜி கோயிலின் கல் தோட்டத்தில் பதினைந்து கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றாவது மறைந்திருக்கும். பேசாமல் பார்க்கவேண்டிய இடம். இவரோ பக்கத்து ஆளுக்கு மௌனத்தின் பெருமையை விளக்கிக்கொண்டிருப்பார்.

கியோன் தெருக்களில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படம் எடுத்தவர்களால், 2024-இல் அங்குள்ள தனியார் சந்துகளுக்குள் வெளியார் நுழையத் தடை வந்தது. மீறினால் 10,000 யென். “சபாஷ், இப்படித்தான் செய்யணும்!” என்று பாராட்டுவார், அறிவிப்புப் பலகையைத் தாண்டி இரண்டடி உள்ளே நின்றபடி.

நகரப் பேருந்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளூர்ப் பாட்டிகளுக்கு ஏற இடமில்லையே என்று மனமுருகுவார். இவருடைய பெட்டி நடைவழியை அடைத்துக்கொண்டிருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் அடங்கிப்போனார். சான்ஜூசான்கென்டோ கோயிலில், 120 மீட்டர் நீள மண்டபத்தில், கருணையின் வடிவமான கன்னோனின் 1001 சிலைகள். உள்ளே படம் எடுக்கத் தடை. கேமராவைப் பைக்குள் வைத்ததும் கைகளை என்ன செய்வதென்றே தெரியவில்லை. வேறு வழியில்லாமல் சிலைகளைப் பார்த்தார். முகம் முகமாக, கடைசிவரை.

“நீங்க இன்னைக்குத்தான் ஒரு கோயிலைப் பார்த்தீங்க” என்றார் மனைவி.

பதில் இல்லை. வாசலுக்கு வந்ததும் கேமரா தோளுக்கு வந்தது, சலிப்பு முகத்துக்கு வந்தது. கியோட்டோ இனி தேறாது என்று முடிவும் ஆயிற்று. அடுத்த வசந்தத்துக்குக் கனசாவா. பழைய சாமுராய்த் தெருக்கள், அருமையான கென்ரோகுஎன் தோட்டம், 2015 முதல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வசதியும் உண்டு. அங்கே யாருமே போவதில்லையாம். இந்த ரகசியத்தை விமானத்தில் முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் சொல்லியாயிற்று.