சாப்பாவும் ஸ்பாஞ்சுப் பந்தும்

பெருமதிப்பிற்குரிய மனிதவளத் துறைத் தலைமை அவர்களுக்கு,

மட்டாஞ்சேரி கிளை, கணக்குப் பிரிவிலிருந்து வணக்கம். மலையாளத்தில் எழுதினால் உங்களுக்குப் புரிந்துவிடுமே என்ற பயத்தில் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் நன்றி. போன மாதம் ஏலக்காய் பில்லில் ஒரு சைபர் கூடிப்போனதற்காக, மேலாளர் கிடங்குப் பையன் முகத்துக்கு நேரே ஃபைலை வீசினார். "தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே சார்" என்றேன். மூன்றாம் நாள் உங்கள் மெயில் வந்தது. எனக்கும் அந்தப் பையனுக்கும் உணர்வுசார் நுண்ணறிவு போதாதாம். சனி, ஞாயிறு பயிற்சியாம். மேலாளருக்கு விலக்கு, அவருக்கு வேலை அதிகம். தலைவலி அவருக்கு, தைலம் எங்களுக்கு.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். வில்லிங்டன் தீவில் ஏ.சி. ஹால், மத்தியானம் கரிமீன் பொள்ளிச்சது. 1990-ல் சலோவே, மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்துக்கு வரையறை கொடுத்ததையும், 1995-ல் டேனியல் கோல்மன் புத்தகம் எழுதி அதை உலகமெங்கும் கொண்டுபோனதையும் பயிற்றுநர் விளக்கினார். சம்பளத்துக்காகச் சிரிப்பதும் உழைப்புதான் என்று, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே எழுதிய ஆர்லி ஹாக்ஸ்சைல்ட் அம்மாவைப் பற்றி மட்டும் பேச்சில்லை. ஸ்லைடில் இடம் போதவில்லை போல.

பிறகு பந்து. மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்து. பயிற்றுநர் எறிவார், பிடித்தவர் எழுந்து மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டும். என் கைக்கு வந்ததும் எனக்குத் தாத்தாவின் விரல்தான் ஞாபகம் வந்தது.

தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இந்தக் கொச்சித் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். விடியுமுன்னே வேலைக்குக் கூட்டம் நிற்கும். வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் உலோக வில்லைகளை ஒரு பிடி அள்ளிக் கூட்டத்துக்கு நடுவே வீசுவான். அதுதான் சாப்பா. கையில் சாப்பா இருந்தால் அன்றைக்கு வேலை. இல்லையென்றால் வந்த வழியே நடக்க வேண்டியதுதான். தாத்தாவின் வலது கை மோதிர விரல் கடைசிவரை மடங்கவில்லை. சாப்பாவின் மேல் விரல், விரலின் மேல் ஒருத்தர் குதிகால். மிதித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். சாயங்காலம் அவரே வந்து எண்ணெய் தடவி நீவிவிட்டாராம். உங்கள் மதிப்பீட்டுத் தாளில் இதற்கு எத்தனை மார்க்?

இப்போது நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. உங்கள் பயிற்சி அன்றைக்கே இருந்திருந்தால் மூப்பன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டு வீசியிருப்பான். மிதிபட்டவர்களும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, நாலு எண்ணி விட்டிருப்பார்கள். அந்தக் கொடுப்பினை இல்லாமல், பாவம், சங்கம் வைத்தார்கள், வேலைநிறுத்தம் செய்தார்கள். 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, ஆண்டனி என்று அந்தப் போராட்டத்தில் மூன்று உயிர் போனது. இதை வைத்து இயக்குநர் ராஜீவ் ரவியின் 'துறமுகம்' என்ற படமே 2023-ல் வந்துவிட்டது. அடுத்த பயிற்சியில் கரிமீனுக்குப் பதில் அதைப் போடலாம். எனக்குத் தெரிந்து எந்த மூப்பனும் சனி, ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்து சாப்பாவைக் கீழே வைக்கவில்லை.

இதையெல்லாம் ஹாலில் சொல்லவில்லை. பந்தைப் பிடித்தபடி, "மகிழ்ச்சியாக உணர்கிறேன்" என்றேன். கைதட்டினார்கள். கிடங்குப் பையன் மட்டும் தட்டவில்லை. அவனுக்கு 'பி' கிரேடு போட்டிருக்கிறீர்கள். எனக்கு 'ஏ'.

என் வேண்டுகோள் சின்னது. அந்தச் சனி, ஞாயிறுக்கு எங்கள் இருவருக்கும் ஈடு விடுப்பு வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேலாளர்தான். நான் கொண்டுபோனால் அந்த ஃபைலும் பறக்கும் என்பதால் உங்களுக்கே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
'ஏ' கிரேடு பெற்ற தங்கள் ஊழியன்

இணைப்பு: விடுப்பு விண்ணப்பம் 2, மஞ்சள் பந்து 1 (மேலாளர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும், ஃபைலைவிட வலி குறைவு).