பத்துக்குள் அடங்கிய ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேட்டைப் படிக்கும் சுமையை மென்பொருள் ஏற்றுக்கொண்டபின் பேராசிரியர்களுக்கு நிம்மதி. 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி வகுத்தது: பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. அன்றுமுதல் ஆய்வாளர்களின் சொல்வளம் பெருகிவிட்டது. 'சங்க இலக்கியத்தில் பெண்கள்' என்ற பழைய இயல், 'தொன்மைச் செய்யுட்களில் மகளிர்' என்று மறுபிறவி எடுக்கிறது. மென்பொருள் பாவம், அகராதி பார்க்காது.

மனிதத் தேர்வாளர் அப்படியல்ல. ஏட்டைப் பின்னாலிருந்து புரட்டுவார். துணைநூற்பட்டியலில் தம் நூல் இருந்தால் 'அரிய முயற்சி'. இல்லையென்றால் ஒற்றுப்பிழைகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி நிச்சயம்.

"இந்தத் தலைப்பை ஏம்மா எடுத்தீங்க?"

"நெறியாளர் ஐயா சொன்னாங்கய்யா."

அடிக்குறிப்பே தேவைப்படாத உண்மை அந்த அரங்கில் இது ஒன்றுதான். நெறியாளர் தொண்டையைச் செருமுவார். மேசைக்கடியில் பொன்னாடைப் பை தயார். பிரியாணிக்குத் தலை எண்ணி ஆள் போயாகிவிட்டது. இதற்குமேல் 'திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்று எழுத எந்தத் தேர்வாளருக்குக் கை வரும்?