ஏஐக்குச் சயின்ஸ் புரிகிறதா? சாப்பாட்டு வேளைக்குள் சான்றிதழ் தரும் வழி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி ஆலை நடத்துகிறீர்கள். ‘எங்க ஏஐ சயின்ஸைக் கரைச்சுக் குடிச்சிருக்கு சார்’ என்று டை கட்டிய தம்பி ஒருவர் டெமோ காட்ட வந்திருக்கிறார். அவர் மனம் கோணாமல் பாஸ் போட்டு அனுப்புவது எப்படி?

விடை தெரிந்த கேள்வியைக் கேட்டுத் தொலைக்காதீர்கள். கருந்துளை, குவாண்டம் என்று நமக்கு விளங்காததாகக் கேளுங்கள். பதில் மடமடவென்று வரும், தலையாட்டினால் போதும். ஃபர்னஸ் மெல்ட்டரை மட்டும் அந்தப் பக்கம் விடாதீர்கள். ‘ஈர ஸ்கிராப்பை உருகின இரும்புல போடலாமா?’ என்பார். ‘கூடாது. தண்ணீர் சட்டென்று ஆவியாகி 1,600 மடங்குக்கு மேல் விரியும், உலோகம் வெடித்துச் சிதறும்’ என்று அது ஒழுங்காகச் சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மனுஷன் விடமாட்டார். ‘எங்க சூப்பர்வைசர் வெயில் காலத்துல போடலாம்னாரே?’ என்பார். ‘நீங்கள் சொல்வதும் சரிதான்’ என்று அது குழைந்தால் டெமோ கெட்டது. கேட்பவருக்கு ஒத்து ஊதும் இந்தக் குணம் ஆய்வாளர்களுக்கும் தெரிந்ததுதான்.

பிறகு உள்ளூர்ப் பெருமை. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்த நம் அத்திரம்பாக்கத்தின் வயதைக் கேளுங்கள். 15 லட்சம் என்றாலும் மார்க், 3,85,000 என்றாலும் மார்க். எந்தக் கருவிக்கு என்று கேட்கக் கூடாது. முன்னது கைக்கோடரிகளின் அச்சூலியன் காலம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. பின்னது அங்கே நடுப் பழங்கற்காலம் தொடங்கிய காலம். அதே குழு 2018இல் ‘நேச்சர்’ இதழில் சொன்னது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தந்தால் நடையைப் பாராட்டுங்கள். காட்டும் ஆய்வுக் கட்டுரை நிஜமா என்று தேடுவதும் நாகரிகமல்ல. மெட்டாவின் கேலக்டிகா என்ற அறிவியல் ஏஐயை அப்படித் தோண்டித் துருவித்தான் 2022 நவம்பரில் மூன்றே நாளில் டெமோவை மூட வைத்தார்கள்.

கேள்வித்தாள் நெட்டில் ஏற்கெனவே கிடப்பதாக இருக்கட்டும், பயிற்சியிலேயே படித்திருக்கும். ஜிபிக்யூஏ என்று 448 அறிவியல் கேள்விகள் கொண்ட தேர்வு 2023இல் வந்தது. துறை வல்லுநர்களே 65 சதவீதம்தான் எடுத்தார்கள். நெட்டைத் திறந்துவைத்து அரை மணிக்கு மேல் முட்டிய பிற துறைக்காரர்களுக்கு 34. புது மாடல்கள் 2024இலேயே அந்த 65ஐத் தாண்டிவிட்டன. அந்த மார்க்கைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து கேட்டில் மாட்டுங்கள். அதே கேள்விகளைத் தமிழில் கேட்டால் எவ்வளவு எடுக்கும் என்று யாராவது இழுத்தால், ஆடிட்டர் வந்திருக்கிறார் என்று சொல்லி உள்ளே போய்விடுங்கள்.